நின்ற காரை ஓடவைத்த பட்டியல்

வீடுகளில் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் பெட்டி பொருத்திப் பூட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உற்சாகம் தருவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். ஜேர்மனியில் முப்பது வருடம் மின்வேலை செய்த ஒரு பெண்ணிடம் உற்சாகமான கதைகள் இல்லாமல் இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு விஷயம்தான் முன்னே வந்து நிற்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. அந்த ஆத்திரத்தில் பாதி மற்றவர்கள்மேல், பாதி என்மேல். உற்சாகம் வேண்டியவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியை எப்படிப் பூட்டுவது, எந்தக் கம்பி எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஓடாமல் நாட்கணக்காக நிற்கிற காரைப் பற்றி.

நிற்கிற கார் தூங்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தூங்கும்தான். ஆனால் எழுப்பினால் எழும்பும். அது எழும்பினால் உள்ளே இருக்கிற கணினிகள் எல்லாம் எழும்பும், பற்றரியிலிருந்து கொஞ்சம் போகும், மறுபடி தூங்கச் சிறிது நேரம் எடுக்கும். எசன் நகரத்தில் எனக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். தமிழர், ஓய்வு பெற்றவர். ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, யாழ்ப்பாணம் போகிறேன் என்று சொல்லி என்னை அழைத்தார்.

“தங்கச்சி, காரைப் பிளக்கில விட்டிட்டுப் போகட்டோ, கழட்டிப்போட்டுப் போகட்டோ?”

“சார்ஜ் எல்லையை அரைவாசிக்குக் கொஞ்சம் மேல வைச்சுப்போட்டு, பிளக்கில விட்டிட்டுப் போங்கோ அண்ணை. குறையக் குறைய அதுவே எடுத்துக்கொள்ளும்.”

ஆளில்லாத வீட்டில் ஆறு கிழமை மின்சாரம் ஓடுவதை அவர் நம்பவில்லை. கழற்றிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் கார்க் கதவுகூடத் திறக்கவில்லை. கார் விற்றவனைத் திட்டினார், என்னையும் திட்டினார். விசாரித்துப் பார்த்ததில், மியூனிக்கில் இருக்கிற அவருடைய மகள், அப்பாவின் கார் பத்திரமாக நிற்கிறதா என்று நினைவு வரும்போதெல்லாம் தொலைபேசியில் ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறாள். திறந்த ஒவ்வொரு தடவையும் கார் எழும்பியிருக்கிறது.

“நான் சும்மா பாத்தனான் அன்ரி. பாத்தா என்ன பிழை?” என்று அவள் என்னிடம் கேட்டாள்.

பார்த்துப் பார்த்தே காரைச் சாகடித்துவிட்டாள் என்று எங்கள் வேலையிடத்தில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டுவிட்டேன். அந்தக் கார் பிளக்கில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. குறைந்ததைப் பெட்டி அடிக்கடி நிரப்பியிருக்கும். ஒவ்வொரு நிரப்பலும் பெட்டியின் பதிவில் ஒரு வரியாக ஏறியிருக்கும். காரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அந்த வரிகளை வாசித்தால் என்ன நினைப்பார்? அந்தக் கேள்வி அன்றே எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த வருடம் அதனால் அடிபட்டவள் இன்னொருத்தி.

நான் வேலை செய்த நிறுவனம் சிறியது, பன்னிரண்டு பேர். எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர், வீடு வீடாகப் போய் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் ஒரு தனியார் நிறுவனம். அதன் பெயர் வேண்டாம். அங்கே வேலை செய்யும் பெண்கள் நிறுவனத்தின் மின்சாரக் காரைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுபோவார்கள். அவர்களுடைய வீட்டுக் கராஜில் நிறுவனத்துக்குச் சொந்தமான சார்ஜ் பெட்டியைப் பூட்டிக் கொடுப்பது எங்கள் வேலை. எல்லாப் பெட்டிகளின் பதிவுகளும் எங்கள் சேர்வருக்கு வரும். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பெப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை அந்த நிறுவனத்தின் வாகனப் பிரிவுத் தலைவர் என்னை அழைத்தார். ஒரு பெட்டியின் எண்ணைச் சொன்னார். ஜனவரி தொடக்கத்திலிருந்து எட்டுக் கிழமைக்கான சார்ஜ் பட்டியல் வேண்டும், மத்தியானத்துக்கு முன் வேண்டும், கையெழுத்தும் முத்திரையும் வேண்டும் என்றார்.

“எதற்கு?” என்று கேட்டேன்.

“ஒரு பணியாளர் விஷயம். அது உங்களுக்குத் தேவையில்லை. திகதியும் அளவும் இருந்தால் போதும்.”

பணியாளர் விஷயம் என்று ஒருவர் சொன்னால், அந்தத் தாளின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று பொருள். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றைக்கு எங்களில் இரண்டு பேர் சுகமில்லாமல் வீட்டில். மூன்று வீடுகளில் பாதியில் நின்ற வேலை. நான் கேள்வியை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பட்டியலை எடுத்தேன். நாற்பத்துமூன்று வரிகள். திகதி, நேரம், எவ்வளவு மின்சாரம் போனது, அதற்குப் பக்கத்தில் ‘நிலை’ என்று ஒரு நிரல். அந்த நிரலில் ஓர் எழுத்து மட்டும் இருக்கும். ஏ என்றால் கேபிள் காரில் செருகப்படவில்லை. பி என்றால் கேபிள் காரில் இருக்கிறது, மின்சாரம் போகவில்லை. சி என்றால் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிரலையும் சேர்த்து அச்சடித்தால் ஒரு தாளில் அடங்கவில்லை. ஓரம் வெட்டுப்பட்டு இரண்டாம் தாளுக்கு ஓடியது. பார்க்க அசிங்கமாக இருந்தது. அதனால் நான் அந்த நிரலை மறைத்தேன். இப்போது எல்லாம் ஒரே தாளில் வடிவாக அடங்கியது. கீழே எங்கள் வழக்கமான வரி: மேற்கண்ட விவரங்கள் சரியானவை என உறுதிப்படுத்துகிறேன். கையெழுத்து வைத்தேன், முத்திரை குத்தினேன், அனுப்பினேன். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை.

அந்தத் தாளில் ஒரு பொய்யும் இல்லை.

மார்ச் கடைசியில் எனக்கு ஒரு வேலைத்தாள் தந்தார்கள். பக்கத்து ஊரான பொத்ரொப்பில் ஒரு வீடு. பணியாளர் விலகிவிட்டார், பெட்டியைக் கழற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பதிவுகளை அழித்து வேறொருவர் வீட்டில் பூட்டுவதற்குத் தயார் செய்ய வேண்டும். பெட்டியின் எண் எழுதியிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் நான் பட்டியல் எடுத்த அதே எண். எனக்கு அது நினைவில் இருக்கவில்லை.

கராஜைத் திறந்துவிட்டவளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். என் சட்டையில் இருந்த பெயரை வாசித்தாள்.

“நீங்கள் தமிழோ அக்கா?”

“ஓம்.”

“அப்ப நல்லதாப் போச்சு. தமிழிலயே சொல்லுறன். இந்தப் பெட்டிதான் என்ர வேலையைத் திண்டது. கெதியாக் கழட்டிக்கொண்டு போங்கோ, எனக்கு இதைப் பாக்க ஏலாது.”

அவள் பெயரைச் சாந்தினி என்று வைத்துக்கொள்கிறேன். பதினொரு வருடம் அந்த நிறுவனத்தில் வேலை செய்தவள். ஜனவரியில் அவளுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. வைத்தியர் எட்டுக் கிழமை விடுப்பு எழுதி, கார் ஓட்டவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் காரைக் கராஜில் விட்டு, பிளக்கைச் செருகிவிட்டுப் போனவள், அதன் பிறகு அந்தக் காரைத் தொடவில்லை. எட்டாவது கிழமையில் அவளைக் கூப்பிட்டு, விடுப்பில் இருந்துகொண்டு நிறுவனத்தின் காரை ஓடித் திரிந்ததாகச் சொல்லி, அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

“நாப்பத்திமூண்டு தரம் சார்ஜ் ஏத்தியிருக்கு, நிண்ட காருக்கு என்னத்துக்குச் சார்ஜ் எண்டு கேட்டவை. நான் என்னத்தைச் சொல்லுறது? நான் வயசுபோன சனத்தைக் குளிப்பாட்டி மருந்து குடுக்கிறனான். கார் தன்ரபாட்டில என்ன செய்யுதெண்டு எனக்கென்ன தெரியும்?”

“கிலோமீட்டரைப் பாக்கேல்லையோ?”

“வேலையால நிப்பாட்டின கியூண்டிகுங் கடிதம் தந்த அண்டைக்கே ரெண்டு பேர் வந்து காரைக் கொண்டுபோயிட்டினம். காரை எடுத்ததுக்குத் தந்த தாளில கிலோமீட்டர் எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு. இப்ப வேற ஒரு பிள்ளை அதில ஓடித் திரியுது. வழக்குப் போட்டிருக்கிறன், அடுத்த மாசம் விசாரணை. ஆனா இனி எதைப் பாக்கிறது?”

ஒரு மனுசியின் பதினொரு வருட வேலையை எடுப்பதற்கு முன், பத்தடி நடந்துபோய்க் காரின் கதவைத் திறந்து, அதில் தெரிகிற ஓர் எண்ணைப் பார்ப்பதற்கு அந்த நிறுவனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டம் வைக்க நேரம் இருந்தது. வக்கீலிடம் கேட்க நேரம் இருந்தது. காரைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. ஏனென்றால் அவர்களிடம் ஒரு தாள் இருந்தது.

அந்தத் தாளை அவள் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் பிரதி. ஒரே பக்கம், வடிவான பட்டியல், கீழே முத்திரை. நான் பார்த்த உடனேயே விளங்கிவிட்டது. வாயைத் திறக்காமல் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். கையெழுத்து கிறுக்கலாக இருந்தது, அவளால் அதை வாசித்திருக்க முடியாது. அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

“சாந்தினி, இது என்ர கையெழுத்து.”

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“இதைப் பாத்திட்டு இவர் என்னட்டக் கேட்டவர் அக்கா. என்ர மனுசன். இருவத்தாறு வருசம் ஒரு வீட்டில இருக்கிறம். ‘நான் வேலைக்குப் போனாப் பிறகு நீர் எங்கயாவது போனனீரோ’ எண்டு கேட்டவர். ‘போகேல்லை’ எண்டு சொன்னன். ‘அப்ப இதென்ன, முத்திரையும் கையெழுத்தும் கிடக்கே’ எண்டவர். நான் பிறகு ஒண்டும் கதைக்கேல்லை.”

அவள் ஒரு கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தாள்.

நான் என் மடிக்கணினியை எடுத்துச் சேர்வரில் தேடினேன். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பதிவுகளில் திகதியும் அளவும் மட்டும்தான் மிஞ்சும், நிலை எழுத்துகள் தானாக அழிந்துவிடும். ஜனவரி முழுவதும் போய்விட்டது. பெப்ரவரி மட்டும் பி, சி என்று கிடந்தது, ஆனால் பாதி உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மிச்சம் இருந்தது சுவரில் தொங்கிக்கொண்டிருந்த பெட்டி மட்டும். அதன் உள் நினைவகத்தில் ஒரு வருடப் பதிவு இருக்கும். அழிப்பதற்காக நான் அனுப்பப்பட்டிருந்தது அதைத்தான்.

அதைத் திறக்கத் தயாரிப்பாளரின் இரகசியக் குறியீடு வேண்டும். உதவி எண்ணை அழைத்தேன். தயாரிப்பாளரின் எர்லாங்கன் அலுவலகத்தில் இருந்து ஓர் இளைஞர் எடுத்தார். குரலிலேயே தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்தது. கார்த்திக் என்று சொல்கிறேன்.

“மேடம், டிக்கெட் இல்லாம சர்வீஸ் கோட் தரக்கூடாது. உங்க கம்பெனியிலேர்ந்து ஒரு ரெக்வெஸ்ட் மெயில் வரணும்.”

“என்ர கம்பனி தராது தம்பி. அவை இதை அழிக்கச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்கினம்.”

நடந்ததைச் சொன்னேன். நிரலை மறைத்ததையும் சேர்த்தே சொன்னேன். அடுத்து அவர் செய்ததை உங்களுக்காகவே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அந்த இடத்தில் நாளைக்கு இருக்கப் போகிறவர்கள் நீங்கள். விதிமுறை என்று சொல்லித் தொலைபேசியை வைத்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

“கழட்டறதுக்கு முன்னாடி லாக் பதிவைப் படிக்கிறது உங்க நார்மல் புரொசீஜர்தானே மேடம்?”

“ஓம். எப்பவும் செய்யிறதுதான்.”

“அப்போ டிக்கெட்ட நானே ஓப்பன் பண்ணிடறேன். ரீசன், லாக் ரீடிங் பிஃபோர் ரிமூவல். எழுதிக்கோங்க.”

குறியீட்டைச் சொன்னார். பதிவு திறந்தது. ஆஸ்பத்திரிக்கு முதல் நாள் மாலை ஏ என்று ஒரு வரி, உடனே பி. அது அவள் கேபிளைச் செருகிய நேரம். அதன் பிறகு சி, பி, சி, பி, சி, பி. பக்கம் பக்கமாக அதேதான். எட்டுக் கிழமையில் ஏ என்ற எழுத்து ஒருமுறைகூட இல்லை. அடுத்த ஏ, இரண்டு பேர் வந்து காரை எடுத்துக்கொண்டு போன அன்று. கேபிளைக் கழற்றாமல் அந்தக் காரை ஓட்டவே முடியாது. செருகியிருந்தால் கார் நகர மறுக்கும். அந்த எட்டுக் கிழமையும் கார் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது.

கார்த்திக் தன் பக்கத்திலிருந்தும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், எல்லாமே ரொம்பச் சின்னச் சின்ன அமௌண்ட். ஓட்டினா இப்படி வராது. கார் தூங்கவே இல்ல. யாரோ எழுப்பிக்கிட்டே இருந்திருக்காங்க. கம்பெனி காரையெல்லாம் பாத்துக்கற ஃப்ளீட் ஆப் ஏதாவது போட்டிருக்காங்களா?”

சாந்தினியிடம் கேட்டேன்.

“ஓம். போன குளிர்காலத்துக்கு முதல் எல்லாக் காருக்கும் ஒரு ஆப் போட்டவை. நீங்கள் எங்க போறியள் எண்டு பாக்கிறேல்லை, பற்றரி எவ்வளவு இருக்கு எண்டு மட்டும்தான் பாக்கிறம் எண்டு சொல்லி எங்களிட்டக் கையெழுத்து வாங்கினவை.”

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை (இந்த எண் எனக்குப் பிறகுதான் தெரிந்தது) அந்த ஆப் காரிடம் உன் பற்றரி எவ்வளவு என்று கேட்டிருக்கிறது. எட்டுக் கிழமை, ஓடாத காரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டி எழுப்பியிருக்கிறார்கள். எழும்பிய கார் பற்றரியைச் செலவழித்தது, குறைந்ததைப் பெட்டி நிரப்பியது, நிரப்பியதைப் பதிவு எழுதியது, பதிவை நான் வெட்டி ஒட்டிக் கையெழுத்து வைத்தேன். தாங்களே செலவழித்த மின்சாரத்தைக் காட்டித்தான் அவளைக் கள்ளி என்றார்கள். மியூனிக் மகள் செய்ததும் இதுதான். அதை ஒரு வருடத்துக்கு முன்பே கண்டவள் நான். சிரித்துவிட்டுப் போனவளும் நான்தான்.

எங்கள் முதலாளியை அழைத்தேன். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்துநான்கு வயதில், அகதியாக வந்த நான் மின்வேலை பழக வேண்டும் என்று கேட்டபோது ஊரில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. அவர்தான் திறந்தார். கெட்டவர் அல்ல. இது அவர் ஜேர்மன் மொழியில் சொன்னது.

“நல்லது. பதிவை எனக்கு அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கு நான் கொடுக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கொடுக்க வேண்டாம். அவர் எங்கள் வாடிக்கையாளர் அல்ல.”

“நீங்கள் கொடுத்தால் அவர்கள் அதை மேசைக்குள் போட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் அவளுக்கு நீதிமன்றத்தில் விசாரணை இருக்கிறது.”

“நீங்கள் வக்கீல் அல்ல. நீங்கள் மின்வேலை செய்பவர்.”

“அந்தத் தாளில் கையெழுத்து வைத்தபோதும் நான் மின்வேலை செய்பவள்தான்.”

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இந்த வாடிக்கையாளர் போனால் எங்களில் யாரையாவது நான் வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும். யாரை என்று நீங்கள் சொல்வீர்களா?”

அதைக் கேட்டதற்காக அவர்மேல் கோபப்பட்டேன், இன்றைக்கும் கோபம் இருக்கிறது. ஆனால் அது பொய்யான கேள்வி என்று என்னால் சொல்ல முடியாது. இப்படியான நேரத்தில் சரி ஒரு பக்கமும் பிழை இன்னொரு பக்கமும் தெளிவாக நிற்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்த்தேன். இந்தப் பக்கம் நிற்பவளைத் தள்ளிவிட்டது என் கை.

“பெட்டியை நான் கழற்றப் போவதில்லை,” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

முழுப் பதிவையும் ஒரு சிறிய நினைவுக்கோலில் ஏற்றிச் சாந்தினியிடம் கொடுத்தேன். அவளுடைய சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன்: நான் அனுப்பிய பட்டியலில் ஒரு நிரலை நானே மறைத்தேன், ஒரு தாளில் அடங்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை, அந்த நிரலின்படி எட்டுக் கிழமையும் கேபிள் கழற்றப்படவில்லை. கையெழுத்து வைத்தேன், இந்தமுறை வாசிக்கக்கூடிய மாதிரி. பெட்டிமேல் ‘வழக்கு முடியும்வரை தொட வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினேன். சாந்தினி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

எனக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது. அந்த நிறுவனம் வருட முடிவில் எங்களை விட்டுப் போனது. எங்களில் ஒருவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நல்ல வேலைக்காரர். அவர் என்னோடு கதைப்பதில்லை. நான் ஓய்வுபெற்ற அன்று முதலாளி ஒரு பூங்கொத்தை வேறொருவரிடம் கொடுத்து அனுப்பினார். இவற்றைச் சொல்வது என்னைத் தியாகி என்று நீங்கள் நினைப்பதற்காக அல்ல. நான் உடைத்ததைத்தான் நான் ஒட்டப் போனேன். ஒட்டப் போன இடத்தில் இன்னொருவருடைய வாழ்க்கையிலும் விரிசல் விழுந்தது. அந்தப் பெப்ரவரிக் காலையில் இன்னொரு கால் மணித்தியாலம் செலவழித்து, ‘எதற்கு’ என்று இரண்டாம் தடவை கேட்டிருந்தால், இதில் ஒன்றும் நடந்திருக்காது.

உங்களிடமும் பட்டியல் கேட்பார்கள். இப்போது கார்கள் கூடிவிட்டன, வீட்டுக்கு வீடு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி பதிவு. கணவனைப் பிரிகிறவள் கேட்பாள், வாடகை வீட்டுக்காரர் கேட்பார், காப்புறுதிக்காரர் கேட்பார். நிற்கிற கார் ஏன் மின்சாரம் எடுக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. குளிரில் எடுக்கும். ஆப் எழுப்பினால் எடுக்கும். காவலுக்குப் போட்ட கமெரா ஓடினால் எடுக்கும். அது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தாளில் எழுதாமல் எண்களை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, நான் கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று பிறகு சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொல்லிப் பார்த்தேன், எனக்கு நானே. அது எடுபடவில்லை.

தொழிலாளர் நீதிமன்றத்தில் சமரச விசாரணை ஏப்ரலில் நடந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சாந்தினியின் வக்கீல் பதிவையும் என் கடிதத்தையும் முன்பே கொடுத்திருந்தார். நீதிபதி ஒரு பெண். தாள்களை மெதுவாகப் புரட்டிவிட்டு வாகனப் பிரிவுத் தலைவரைப் பார்த்தார்.

“கேபிள் செருகியிருக்கும்போது அந்தக் கார் ஓடுமா?”

“ஓடாது.”

“இங்கே எட்டு வாரமும் கேபிள் செருகியிருக்கிறது.”

அவர்களுடைய வக்கீல் குறுக்கே வந்தார். “எங்களுக்குக் கிடைத்த பட்டியலில் அந்த விவரம் இல்லை. அது ஒரு துறைசார் நிறுவனம் உறுதிப்படுத்திய பட்டியல்.” சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை, ஆனால் அவர் சொன்னது சரி.

“உங்கள் ஆப் காரிடம் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறது?” என்று நீதிபதி கேட்டார்.

“பத்து.”

“அப்படியென்றால் அந்த மின்சாரத்தைச் செலவழித்தது யார்?”

வேலைநீக்கம் அங்கேயே திரும்பப் பெறப்பட்டது. வந்து வேலையைத் தொடரலாம் என்றார்கள். சாந்தினி முடியாது என்றாள். நல்ல சான்றிதழோடு விலகுவதாக எழுதி முடித்தார்கள். அந்த அறையில் இருந்த ஒருவராவது அவளைப் பார்த்து, தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாகனப் பிரிவுத் தலைவர் தன் தாள்களை அடுக்கிப் பையில் வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போனார். அந்த மனிதரின் முதுகு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும்.

வெளியே தாழ்வாரத்தில் சாந்தினியும் அவளுடைய கணவரும் நின்றார்கள். அவர் அவளுடைய குளிர்ச்சட்டையைக் கையில் வைத்திருந்தார். நான் கிட்டப் போனேன்.

“சாந்தினி, நான் செய்த பிழைக்கு என்னை மன்னிக்க வேணும்.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“நீங்கள் உண்மையைச் சொல்லேல்லையெண்டால் நான் இண்டைக்கு இங்க வென்றிருக்க மாட்டன். அதை மறக்க மாட்டன் அக்கா. ஆனா மன்னிச்சிட்டன் எண்டு சொல்லச் சொல்லி மட்டும் கேக்காதேங்கோ. வேலை போனது எனக்குப் பெரிசில்லை, வேற வேலை கிடைக்கும். இவர் என்னட்ட அந்தக் கேள்வியைக் கேட்டவர். இனி அதைக் கேக்காத மாதிரி ஆக்க உங்களாலயும் ஏலாது, அந்த நீதிபதியாலயும் ஏலாது.”

கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குளிர்ச்சட்டையை விரித்து அவளுக்குப் பிடித்தார். அவள் அதை வாங்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள். அன்றைக்கு மழையும் குளிருமாக இருந்தது. ட்ராம் நிறுத்தம்வரை அவள் மெல்லிய சட்டையோடு முன்னே நடந்தாள். அவர் அந்தக் குளிர்ச்சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பின்னால் போனார்.